மார்த்தாண்டத்தில் ஒரு ராக் பேண்ட்: புகைப்புரை பிராக்டிஸ் முதல் சொந்தப் பாட்டு வெளியீடு வரை

நாகர்கோவிலுக்கும் கேரள எல்லையைத் தாண்டியதும் வரும் பாறசாலைக்கும் நடுவே எங்கோ ஒரு வீட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒன்பது வருடமாக மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பங்குத் திருவிழா, ஓணம் விழா, கிளப் ஆண்டு விழா, கல்லூரி ஃபெஸ்ட், திருவனந்தபுரத்தில் சின்னச் சின்ன அரங்குகள் என்று நிறைய மேடை பார்த்தாகிவிட்டது. முதல் மூன்று வருடம் எங்களுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. அந்த மூன்று வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். இந்த 70 கிலோமீட்டருக்குள் இரண்டு மொழி, இரண்டு மாநிலம், இரண்டு திருவிழாக் காலண்டர் இருக்கின்றன. வாசித்துவிட்டு ராத்திரியே வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையில் இருக்கும் பேண்டுக்குக்கூட இந்த வசதி கிடையாது. சென்னை, கொச்சி, பெங்களூரு எல்லாம் அப்புறம். முதல் மூன்று வருடம் இந்தச் சாலையை முழுசாக உழுது முடியுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

1. டிரம்மரிலிருந்து தொடங்குங்கள்

கிட்டார் வாசிப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பேண்டை நிறுத்துவதும் சாய்ப்பதும் டிரம்மர். எங்கள் ஊரில் டிரம்மர் கிடைக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று தேவாலயம். ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்குச் சத்தத்தை அடக்கி வாசிக்கத் தெரிந்திருக்கும். பாடுபவரின் குரலைக் கேட்டு வாசிக்கும் பழக்கமும் இருக்கும். இன்னொன்று சிங்காரி மேளக் குழு. தோளில் செண்டையைத் தொங்கவிட்டு, ஆடிக்கொண்டே மணிக்கணக்கில் தாளம் நழுவாமல் கொட்டுகிறவரின் உடம்பிலேயே லயம் ஊறியிருக்கும். டிரம் செட்டில் கால் வேலை பழக அவருக்கு ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதம் பொறுக்கலாம்.

யாரைச் சேர்ப்பதாக இருந்தாலும் ஒரு சோதனை வையுங்கள். போனில் மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் செயலி) நிமிடத்துக்கு 70 தட்டில் ஓடவிட்டு, சாதாரண நாலு தட்டுத் தாளத்தை இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மெட்ரோனோமின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் தாளம் அதே இடத்தில் நின்றால் ஆளை விடாதீர்கள். வேகமாக வாசிக்கப் பலருக்கும் வரும். மெதுவாக வாசிக்கும்போதுதான் உண்மை வெளியே வரும்.

பாடகரைத் தேட எங்கள் பக்கத்தில் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. ஆல்ட்டோ, டெனர் என்று பிரித்துப் பாடிப் பழகியவர்கள் இத்தனை பேர் ஒரே மாவட்டத்தில் இருப்பது பெரிய சொத்து. மேடையில் மூன்று குரல் சேர்ந்து விழுந்தால், பின்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

முதல் வாரமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: வருமானத்தை எப்படிப் பிரிப்பது, சேர்ந்து வாங்கும் சாமான் யாருடையது, பேண்ட் பெயர் யாருடையது, ஒருவர் வளைகுடாவுக்குப் போனால் அவர் போட்ட பாட்டை மற்றவர்கள் வாசிக்கலாமா. கடைசிக் கேள்வி எங்கள் மாவட்டத்தில் எல்லா பேண்டுக்கும் ஒரு நாள் வரும். எங்கள் முதல் டிரம்மருக்கு விசா வந்தபோது கையில் எந்தத் தாளும் இல்லை. நாலு பாட்டும் ஒரு நட்பும் அதோடு போயின.

2. பிராக்டிஸ் இடம்

எங்கள் இடம் ஒரு பழைய புகைப்புரை. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறை. விலை சரிந்த காலத்தில் உரிமையாளர் ஷீட் போடாமல் ரப்பர் பாலாகவே விற்கத் தொடங்கியதால் சும்மா கிடந்தது. சுவரெல்லாம் கரி. மூங்கில் கம்புகளை எடுக்காமல் அவற்றின் மேலேயே பழைய போர்வைகளைப் போட்டோம். அது போதும், எதிரொலி பாதியாகக் குறைந்தது. முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சத்தத்தைத் தடுப்பது கனம். தடித்த சுவர், இடைவெளி இல்லாத கதவு, இவைதான் அதைச் செய்யும். அட்டை தடுக்காது, தீப்பிடிக்கும்.

இங்கே ஈரம் ஒரு எதிரி. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. கம்பி துரு பிடிக்கும், கிட்டார் கழுத்து வளையும், கேபிள் முனையில் பச்சைக் களிம்பு வரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள்.

வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் போதும். ஆனால் கடைசி முப்பது நிமிடம் மேடையில் வாசிப்பது போலவே, நடுவில் நிறுத்தாமல், தப்பு விட்டாலும் தாண்டிப்போய் வாசிக்க வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் காது நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள அமைதியையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். டியூனிங்குக்காக ஒரு நிமிடம் நின்றால் மேடையில் அது ஒரு யுகம்.

3. எந்த மொழியில் பாடுவது

ராக் என்றால் ஆங்கிலம் என்று நாங்களும் நினைத்தோம். கேரளத்தின் வரலாற்றைப் பார்த்த பிறகு தெளிவு வந்தது. கொச்சியில் 1970-களின் கடைசியிலேயே தர்ட்டீன் ஏடி என்ற ராக் பேண்ட் இருந்தது. 1996-ல் மதர்ஜேன் வந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் பாடினார்கள், ஆனால் பைஜு தர்மஜனின் கிட்டாரில் கர்நாடக இசையின் கமகம் கேட்டது. 2003-ல் அவியல் என்ற பேண்ட் தொடங்கியது, 2008-ல் முதல் ஆல்பம் வந்தது. அதில் மலையாளம் மலையாளமாகவே ராக்குக்குள் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு தாய்மொழியில் பாட யாரும் கூச்சப்படவில்லை. 2013-ல் கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் தைக்கூடம் பிரிட்ஜ் பேண்ட் வெடித்துக் கிளம்பியதற்கு அந்தத் தைரியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் 2018 ஜனவரியில் சென்னை மேடையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துப் பாடியபோது கூட்டம் வார்த்தைகளுக்காக நின்றது. தாளம் அந்த வார்த்தைகளை ஏந்திக்கொண்டது.

நாம் என்ன செய்யலாம்? நமக்கு ஒரு பேச்சு இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. விளவங்கோடு பக்கம் தமிழும் மலையாளமும் கலந்த நடையில்தான் வீட்டில் பேசுகிறோம். 'மக்கா', 'கேட்டியா', 'எங்க போற லே' எல்லாம் தாளத்தில் தானாக உட்காரும் சொற்கள். நாங்கள் முதலில் செந்தமிழில் எழுதிய பாட்டு நாலு மேடையில் பேசாமல் இறங்கியது. பிறகு, விடியுமுன் தலையில் விளக்குக் கட்டி ரப்பர் வெட்டப்போகும் ஒரு அம்மாவின் பேச்சிலேயே ஒரு பாட்டு எழுதினோம். கருங்கல் பக்கம் ஒரு மேடையில் அதைப் பாடியபோது முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டாவது சரணத்திலேயே பல்லவியைக் கூடப் பாடினார்கள். அதே பாட்டு கேரளத்து நெய்யாற்றின்கரையிலும் எடுபட்டது. அங்கேயும் ரப்பர் வெட்டுகிறார்கள், அந்தச் சொற்கள் அவர்களுக்கும் புரியும்.

சொந்தப் பாட்டு மட்டும் வாசித்து ஊர் மேடையில் நிற்க முடியாது, அதை மறைக்க வேண்டாம். முதல் வருடம் பத்துப் பாட்டில் இரண்டு சொந்தம், எட்டு எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டாம் வருடம் நாலு. மூன்றாம் வருடம் ஆறு. சொந்தப் பாட்டை நிகழ்ச்சியின் மூன்றாவது இடத்திலும் கடைசிக்கு முந்தைய இடத்திலும் வையுங்கள். முதலில் வைத்தால் கூட்டம் இன்னும் வந்திருக்காது, கடைசியில் வைத்தால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். தெரிந்த பாட்டை வாசிக்கும்போதும் அப்படியே நகல் எடுக்காமல் உங்கள் கையில் உருக்கி வாசியுங்கள்.

4. முதல் மேடைகள்

எங்கள் பக்கத்தில் மேடைக்குப் பஞ்சமில்லை. கானமேளா, அதாவது மேடையில் சினிமாப் பாட்டுக் கச்சேரி, கேட்டு வளர்ந்த ஊர் இது. விழாக் கமிட்டியிடம் 'ராக் பேண்ட்' என்று போய் நிற்காதீர்கள். கானமேளாவுக்கு முன்னால் நாற்பத்தைந்து நிமிடம் கேளுங்கள். ஏற்கெனவே மேடையும் சவுண்டும் போட்டிருப்பார்கள், நம்மால் அவர்களுக்குப் பெரிய செலவு இல்லை. எங்களுக்கு முதல் பத்து மேடை அப்படித்தான் கிடைத்தது.

கமிட்டிப் பொருளாளர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும்: "மக்கா, பாட்டெல்லாம் சரி. பத்து மணிக்கு மேல ஒரு நிமிஷம் போகப்பிடாது, கேட்டியா?" அதில் நியாயம் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, மத விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். காவல் துறையின் அனுமதியைக் கமிட்டி வாங்கிவிட்டதா என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். எட்டரைக்கு ஏறுவதாகச் சொன்னால் ஒன்பதேகாலுக்குத்தான் ஏறுவீர்கள். அதனால் முப்பது நிமிடத்துக்குச் சுருக்கிய ஒரு செட்லிஸ்டும் கையில் இருக்கட்டும்.

பேசிய தொகை, அட்வான்ஸ், நேரம், சாப்பாடு, வண்டிக் கூலி எல்லாவற்றையும் அன்றைக்கே வாட்ஸப்பில் எழுதி அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குங்கள். பாதிப் பணம் முன்னாடி, மீதி மேடை ஏறுமுன். இறங்கிய பிறகு கேட்கும் பணம் பெரும்பாலும் பாதிதான் வரும். அனுபவத்தில் சொல்கிறேன்.

காலண்டரைச் சுவரில் ஒட்டுங்கள். ஆவணி ஓணத்துக்கு ஆனி மாதமே பேச வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடியும், அதை ஒட்டிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கல்லூரி ஃபெஸ்ட். அக்டோபர், நவம்பரில் திறந்தவெளி மேடை என்றால் தார்ப்பாய் யார் கொண்டுவருவது என்று முதலிலேயே கேளுங்கள்.

5. கரண்டும் சவுண்டும்

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்டது.

ஐந்து வருடம் முன்பு ஒரு கடற்கரை ஊரில் சவுண்ட் செக். லேசான தூறல் விட்டிருந்தது, பலகை நனைந்திருந்தது. பாடகி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மைக்கில் வாய் வைத்ததும் 'ஆ' என்று பின்னால் சாய்ந்தாள். உதட்டில் ஷாக். ஆம்ப்ளிஃபயர் ஒரு ஜெனரேட்டர் வயரில், மிக்சர் ஒரு கடை வீட்டு பிளக்கில். இரண்டிலும் எர்த் ஒன்று போல இல்லை. கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே அவள் உடம்பு பாலமாகிவிட்டது. ஒன்றும் ஆகாமல் தப்பினோம். அன்றிலிருந்து நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு மல்டிமீட்டர் என் பையில் இருக்கிறது.

மேடையில் ஏறியதும் நான் செய்வது இது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் வைப்பேன். சுழியோ ஒன்றிரண்டு வோல்ட்டோ காட்டினால் சரி. பத்து, இருபது என்று ஏறினால் யாரும் எதையும் தொடக்கூடாது, எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. 'உம்'மென்று இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரைச்சலை நீக்க, கிட்டாரையும் கீபோர்டையும் மிக்சரில் இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் அது துண்டிக்கும், உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடாது.

அடுத்தது மின்னழுத்தம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சீரியல் லைட்டும் ஐஸ்கிரீம் கடையும் அதே ஜெனரேட்டரில் இருந்தால் 180-க்கு விழும். கீபோர்டும் கிட்டார் பிராசஸரும் பாட்டு நடுவிலேயே அணைந்து மறுபடி எழும். சவுண்டுக்கு வேண்டியது எல்லாம் ஒரே ஃபேஸில், லைட்டெல்லாம் வேறு ஃபேஸில் என்று கேளுங்கள். கீபோர்டுக்கும் பிராசஸருக்கும் கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று கொண்டுபோங்கள்.

சவுண்ட்காரர் அண்ணனை மதியுங்கள். போனதும் பேர் கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு தாளைக் கையில் கொடுங்கள். அந்தத் தாளில் மேடையின் படம் இருக்க வேண்டும்: யார் எங்கே நிற்கிறார், எத்தனை மைக், எது டிஐ, யாருக்கு மானிட்டரில் (மேடையில் நம் பக்கம் திருப்பி வைக்கும் ஸ்பீக்கர்) என்ன கேட்க வேண்டும். கானமேளா சவுண்டில் குரல் மேலேயும் கருவிகள் கீழேயும் இருக்கும். நம் இசைக்கு கிக் டிரம்மும் பேஸும் முன்னால் வர வேண்டும். அதைக் கத்திச் சொன்னால் நடக்காது. போனில் ஒரு பாட்டைப் போட்டு, "அண்ணே, இந்த மாதிரி கொஞ்சம்" என்றால் அவரே ரசித்துச் செய்வார். மேடையில் உங்கள் ஆம்பைக் குறைத்து வையுங்கள். நீங்கள் ஏற்ற, டிரம்மர் ஏற்ற, பாடகருக்குத் தன் குரலே கேட்காமல் போய்விடும், சுருதி விலகும்.

6. களியக்காவிளையைத் தாண்டுவது

ஊரில் முப்பது மேடை ஆன பிறகு எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போங்கள். அங்கே கூட்டம் வேறு மாதிரி. வெள்ளயம்பலம் பக்கம் மானவீயம் வீதியில் மாலையில் தெருவிலேயே பாடுகிறார்கள். ஒரு கிட்டாரும் ஒரு கஹோனும் (உட்கார்ந்து தட்டும் பெட்டி டிரம்) கொண்டுபோய் முதலில் கேளுங்கள், பழகிய பிறகு பாடுங்கள். டெக்னோபார்க் ஐடி வளாகத்து நிறுவனங்களின் ஓணக் கொண்டாட்டங்கள் நல்ல பணம் தரும். கோவளம் அருகே வெள்ளாறில் உள்ள கலை, கைவினைக் கிராமத்தில் 2022-ல் சர்வதேச இண்டி (சினிமா சாராத சுயாதீன) இசை விழா தொடங்கியது. அங்கே முதலில் பார்வையாளராகப் போங்கள். மூன்று நாள் நின்று கேட்டால் உங்கள் பேண்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெளிவாகப் புரியும்.

மேடையில் மலையாளத்தில் இரண்டு வரி பேசுங்கள், உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை. பாட்டைத் தமிழில் பாடுங்கள். சினிமா வழியாக அவர்களுக்குத் தமிழ் காதில் ஏறியிருக்கிறது. மலையாளத்துக்கு மாற்றிப் பாடினால் அங்கே நூறு பேண்டில் ஒன்றாகிவிடுவோம்.

ஒரே ஒரு கணக்கு வையுங்கள்: இரண்டாவது தடவை வந்தவர் எத்தனை பேர். முதல் தடவை நண்பன் இழுத்து வந்திருப்பான், இரண்டாவது தடவை உங்களுக்காக வருகிறார். திருவனந்தபுரத்தில் எங்கள் மூன்றாவது நிகழ்ச்சியில் பழைய முகம் பதினொன்று எண்ணினோம். வேனில் திரும்பி வரும்போது அதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். அந்த எண் நாற்பதைத் தொட்டால் டிக்கெட் போட்டுத் தனி நிகழ்ச்சி வைக்கலாம்.

7. பதிவும் வெளியீடும்

பத்துப் பாட்டுக்கு ஆசைப்படாதீர்கள். மேடையில் ஜெயித்த ஒரு பாட்டு போதும். டிரம்ஸை மட்டும் ஸ்டூடியோவில் பதிவு செய்யுங்கள், அங்கேதான் பணம் வேண்டும். கிட்டாரையும் குரலையும் வீட்டில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) வைத்து எடுத்துவிடலாம். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் பாட்டுக்குச் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில், சத்தத்தைப் பிதுக்கி ஏற்றச் சொல்லாதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்செய்துதான் ஒலிக்கவிடுகிறது. பிதுக்கிய பாட்டு அங்கே தட்டையாகக் கேட்கும்.

ஒரு விநியோக நிறுவனம் மூலம் பாட்டு ஏறும்போது ஐஎஸ்ஆர்சி எண் (அந்தப் பதிவுக்கே உரிய அடையாள எண்) கிடைக்கும், குறித்து வையுங்கள். ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு 7 நாள் முன்னாவது பாட்டு உள்ளே இருக்க வேண்டும். நான் நாலு வாரம் வைப்பேன். 12 மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு அங்கே பதிவுக்கான பணம் வராது. இதில் சாப்பிட முடியாது. பாட்டு உங்களை மேடைக்குக் கூட்டிப் போகும், மேடைதான் சோறு போடும்.

வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று சதவீதம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி வசூலிக்க 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, அதில் உறுப்பினராகுங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியர், இசையமைப்பாளருடைய ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டு மறுக்க முடியாது. யாராவது 'எல்லா உரிமையும் எங்களுக்கு' என்று தாள் நீட்டினால் இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

8. மறுநாள் காலை

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மூன்று வேலை. சவுண்ட்காரர் அண்ணனுக்கும் கமிட்டிக்காரருக்கும் நன்றி சொல்லி ஒரு போன். முன்வரிசையில் யாராவது எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப் போடுவது. பிறகு நோட்டில் எழுதுவது: எந்தப் பாட்டில் கூட்டம் எழுந்தது, எதில் போனைப் பார்த்தது, எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு பணம் வந்தது, வேன் வாடகை எவ்வளவு. எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது. புதுப் பாட்டு எழுத உட்காரும்போது முதல் நோட்டைத்தான் எடுத்துப் புரட்டுகிறோம், அதில் கருங்கல் மேடைக்கு நேரே டிரம்மர் பென்சிலால் எழுதியது இன்னும் இருக்கிறது: "ரப்பர் பாட்டு. பெண்கள் கூடப் பாடினார்கள். இனி இதை வெட்டக்கூடாது."